கருமணலில் பிறந்த வெள்ளை
நிறங்களின் வரலாறு: 14

கடந்த இதழில் ஈய வெள்ளையைப் பார்த்தோம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஓவியர்களும் வண்ணம் பூசுகிறவர்களும் நம்பியிருந்த அந்த வெள்ளை, அதை அரைத்தவர்களின் குடலையும் நரம்பையும் கெடுத்தது. 1921-ல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, கட்டடங்களின் உட்புறத்தில் ஈய வெள்ளை பூசுவதைத் தடுக்கும் உடன்படிக்கையை நிறைவேற்றியது. நாடுகள் கையெழுத்திட்டன. ஆனால் கையெழுத்து சுவரை வெள்ளையாக்காது. ஈயத்தின் இடத்தில் உட்கார வேறொரு வெள்ளை வேண்டியிருந்தது. அது டைட்டானியம் டையாக்சைடு. அதற்கான மூலப்பொருள் திருவிதாங்கூர்க் கடற்கரையில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலும் கொல்லத்திலும், கறுப்பு மணலாகக் குவிந்து கிடந்தது.

இந்த வெள்ளை எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைக் கடற்கரையிலிருந்து வெகுதூரத்தில் உள்ள ஓர் ஊரில் பார்ப்போம். குண்டலுபேட்டை. பழைய மைசூர் மாவட்டத்தில் இருந்து, 1997-ல் புதிதாகப் பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்துக்குள் வந்த ஊர். ஊட்டியிலிருந்து கூடலூர், முதுமலை வழியாக வரும் சாலையும், கோழிக்கோட்டிலிருந்து சுல்தான் பத்தேரி வழியாக வரும் 766-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் இங்கேதான் சேர்கின்றன. இரண்டு சாலைகளும் பந்திப்பூர்க் காட்டைக் கடந்துதான் வர வேண்டும். 2009 முதல் அந்தக் காட்டுக்குள் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொது வாகனங்களுக்குத் தடை இருப்பதால், அந்தி சாய்ந்ததும் லாரிக்காரர்கள் இருட்டோடும் கடிகாரத்தோடும் போட்டிபோட்டு ஓட்டுவார்கள். வளைவுகளில் அவர்களுக்கு வழி காட்டுவது சாலையில் இழுத்த வெள்ளைக் கோடு. பிசினும் கண்ணாடி மணிகளும் சுண்ணக்கல் தூளும் சேர்த்து உருக்கி இழுக்கும் அந்தக் கோட்டில், நூற்றுக்குப் பத்துப் பங்காவது டைட்டானியம் டையாக்சைடு இருக்க வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு சொல்கிறது. ஒளியைத் திருப்பி அனுப்புவது கண்ணாடி மணிகளின் வேலை. திரும்பும் ஒளியைப் பளிச்சென்று வெள்ளையாக்குவது இந்தத் தூளின் வேலை.

அதே ஊரின் கடைத்தெருவுக்குள் போனால் மிச்சத்தையும் பார்க்கலாம். பெயிண்ட் கடையின் எமல்ஷன் டப்பா, வீடு கட்டுகிறவர் வாங்கிப் போகும் வெள்ளை பிவிசி குழாய், மருந்துக் கடையின் பூச்சு மாத்திரை, பளபளப்பைக் குறைத்து நெய்த பாலியஸ்டர் துணி, ரப்பர் செருப்பின் வெள்ளை அடி, பற்பசை, அச்சுத்தாள். கதவு, கிரில் செய்யும் பட்டறையின் வெல்டிங் ராடு மேல் பூசியிருக்கும் சாம்பல் நிறப் பூச்சிலும் ரூட்டைல் என்ற பெயரில் இதே பொருள்தான் இருக்கிறது. அங்கே அது நிறத்துக்காக இல்லை. மின்பொறி நிலையாக நிற்பதற்காக. உலகில் செய்யப்படும் டைட்டானியம் டையாக்சைடில் பாதிக்கு மேல் பெயிண்டுக்குப் போகிறது. அடுத்த பெரும்பங்கு பிளாஸ்டிக்குக்கு. அதற்கடுத்து காகிதம்.

வெள்ளை எப்படி உண்டாகிறது

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். மட்டையை இழுத்த கையோடு பார்த்தால் சுவரில் ஒன்றுமே பிடிக்காதது போலத் தோன்றும். பழைய கறை அப்படியே தெரியும். காய்ந்தபின்தான் வெள்ளை எழும். ஈரத்தில் இல்லாத வெண்மை காய்ந்தபின் எங்கிருந்து வருகிறது?

வெள்ளைப் பொடி எதுவானாலும் அதன் ஒவ்வொரு துகளும் உண்மையில் நிறமற்றது. கண்ணாடியை இடித்தால் வெள்ளைத் தூள் கிடைப்பதும் இதனால்தான். ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குள் நுழையும்போது வளைகிறது. எவ்வளவு வளைகிறது என்பதை ஒளிவிலகல் எண் சொல்லும். துகளுக்கும் அதைச் சூழ்ந்திருப்பதற்கும் இந்த எண்ணில் வேறுபாடு அதிகமானால் ஒளி பல திசைகளில் சிதறித் திரும்பும். நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். சுண்ணாம்புத் துகளின் எண் ஏறத்தாழ 1.6, தண்ணீரின் எண் 1.33. ஈரத்தில் வேறுபாடு சிறியது, அதனால் மறைப்பு இல்லை. காய்ந்தபின் துகளைச் சுற்றித் தண்ணீருக்குப் பதில் காற்று வந்துவிடுகிறது. காற்றின் எண் 1. வேறுபாடு கூடிவிட, சுவர் வெளுக்கிறது.

இதே சுண்ணாம்புத் தூளை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் கதை மாறிவிடும். எண்ணெயின் எண் 1.48. காய்ந்தாலும் எண்ணெய் போகாது, துகளைச் சுற்றியே உறைந்துவிடும். ஆகவே எண்ணெயில் குழைத்த சுண்ணத்தூள் மங்கலான பசையாகிவிடும். சந்துகளை அடைக்கும் பட்டியாக உதவுமே தவிர, வெள்ளை வண்ணமாக உதவாது. ஈய வெள்ளையும் துத்தநாக வெள்ளையும் 2-ஐ ஒட்டிய எண் கொண்டவை. அதனால்தான் எண்ணெய் வண்ணத்தில் அவை நின்றன. வண்ணத்துக்குப் பயன்படும் டைட்டானியம் டையாக்சைடுக்கு இரண்டு படிக வடிவங்கள் உண்டு. அனடேஸின் எண் ஏறத்தாழ 2.55, ரூட்டைலின் எண் 2.7. வைரத்தின் எண்ணே 2.42தான். ஒளியை வளைப்பதில் வைரத்தை விஞ்சும் ஒரு பொருளைப் பொடியாக்கிப் பெயிண்டில் கலந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பெயிண்டர்கள் ‘கவரிங்’ என்று சொல்லும் மறைப்புத் திறனில் வேறெந்த வெள்ளையும் இதன் அருகே வர முடியாது.

துகளின் பருமனும் முக்கியம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் பாதியளவு, அதாவது 0.2 முதல் 0.3 மைக்ரான் வரை இருந்தால்தான் சிதறல் உச்சத்தில் இருக்கும். அதைவிடப் பெரிதானால் வெண்மை குறையும். மிகவும் சிறிதாக்கினால் பூச்சு கண்ணுக்கே தெரியாமல் போகும். வெயில் தடுப்புக் களிம்புகளில் அந்த மிகச் சிறிய துகளைத்தான் கலக்கிறார்கள்: தோலில் வெள்ளை படியாது, ஆனால் புறஊதாக் கதிர் தடுக்கப்படும்.

இன்னொரு பெருமை இதன் உறுதி. ஈய வெள்ளை, கந்தகம் கலந்த நகரக் காற்றில் கறுத்துப்போகும். துத்தநாக சல்பைடும் பேரியம் சல்பேட்டும் சேர்ந்த லித்தபோன் என்ற வெள்ளை வெயிலில் கருக்கும் குறையோடு வந்தது. டைட்டானியம் டையாக்சைடு நீர்த்த அமிலத்துக்கும் காரத்துக்கும் அசையாது. 1,800 பாகைக்கு மேல் சூடாக்கினால்தான் உருகும்.

ஆனாலும் ஒரு குறை உண்டு. புறஊதா ஒளி பட்டால் அதன் மேற்பரப்பு விழித்துக்கொண்டு, தன்னைப் பிடித்து நிற்கும் பிசினையே சிதைக்கத் தொடங்கும். பழைய வெளிச்சுவரில் உள்ளங்கையைத் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதே, அதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அனடேஸில் இந்தக் குணம் அதிகம். அதனால் வெளிச்சுவருக்கு ரூட்டைலை எடுத்து, ஒவ்வொரு துகளின் மேலும் அலுமினா, சிலிக்கா கொண்டு மெல்லிய உறை போடுகிறார்கள். குறையாகத் தோன்றிய இதே குணத்தைக்கொண்டு ஒளியால் தண்ணீரைப் பிளக்கலாம் என்று 1972-ல் ஜப்பானிய அறிவியலாளர்கள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் காட்டினார்கள். தானே அழுக்கை நீக்கிக்கொள்ளும் கண்ணாடியும் ஓடும் அந்தக் கண்டுபிடிப்பின் வழி வந்தவை.

பாதிரியாரின் ஓடை மணல்

இவ்வளவு வெண்மையான பொருளை முதன்முதலில் அடையாளம் கண்டதும் கறுப்பு மணலில்தான். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் கனிமங்களை ஆராய்வதில் ஆர்வம் கொண்டவர். 1791-ல் மனாக்கன் என்ற ஊரின் ஓடையில் கிடந்த கறுப்பு மணலை அமிலத்தில் கரைத்துப் பார்த்தார். இரும்பு போக, அதுவரை யாரும் அறியாத ஓர் உலோகத்தின் வெள்ளை ஆக்சைடு மிஞ்சியது. நான்கு ஆண்டுகள் கழித்து ஜெர்மனியின் கிளாப்ராத் ரூட்டைல் கனிமத்தில் அதே உலோகத்தைக் கண்டு, கிரேக்கப் புராணத்தின் டைட்டன்களை நினைத்து டைட்டானியம் என்று பெயரிட்டார்.

அதற்குப் பிறகு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த வெள்ளை ஆய்வுக்கூடப் பொருளாகவே இருந்தது. கறுப்பு மணலான இல்மனைட்டில் இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு இறுகப் பிணைந்திருக்கின்றன. இரும்பின் சுவடு சிறிதளவு தங்கினாலும் வெள்ளை மஞ்சளித்துவிடும். அந்தச் சுவட்டைக்கூட விடாமல், கட்டுப்படியாகும் செலவில் பிரிக்கும் வழி முதல் உலகப்போர்க் காலத்தில்தான் கைவந்தது. நார்வேயின் ஃபிரெட்ரிக்ஸ்டாட்டிலும் அமெரிக்காவின் நயாகராவிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஆலைகள் எழுந்தன. அவை முதலில் விற்றது பேரியம் சல்பேட்டோடு கலந்த வெள்ளை. கலப்பில்லாத அனடேஸ் 1920-களில் பிரான்ஸில் வந்தது. அதைவிட வலுவான ரூட்டைல் இரண்டாம் உலகப்போரை ஒட்டி வந்தது. ஆலைகள் வந்ததும் இல்மனைட்டைத் தேடும் கண்கள் உலகெங்கும் திரும்பின. திருவிதாங்கூரில் அதைத் தேடவேண்டிய தேவையே இருக்கவில்லை. வேறொன்றைத் தேடி வந்த ஒருவர் அதை ஏற்கெனவே குவியல் குவியலாகப் பிரித்து ஒதுக்கியிருந்தார்.

கயிற்றில் ஒட்டிய மணல்

1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்தார். அதில் மோனசைட் இருந்தது. மோனசைட்டில் தோரியம் உண்டு. அன்று ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகள் எரிவாயுவில் எரிந்தன. சுடரின் மேல் மாட்டும் வலைக்கூடு தோரியம் ஆக்சைடால் ஆனது. நம் ஊர்க் கல்யாணங்களிலும் கூத்து மேடைகளிலும் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலும் அந்தக் குடும்பம்தான். பிரேசிலையே நம்பியிருந்த அந்தத் தொழிலுக்குப் புதிய ஊற்று கிடைத்துவிட்டது. ஷோம்பெர்க் திருவிதாங்கூருக்கு வந்து, 1910-ல் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலையை நிறுவினார்.

மணவாளக்குறிச்சி குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடையே உள்ள ஊர். அதற்கு அருகே, கடியப்பட்டணத்தில் வள்ளியாறு கடலைச் சேர்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகள் வெயிலிலும் மழையிலும் பல லட்சம் ஆண்டுகள் உதிர்ந்து, சிற்றாறுகள் வழியே கடலுக்கு வருகின்றன. தென்மேற்குப் பருவக் காற்றில் எழும் அலைகள் இலேசான வெள்ளை மணலை இழுத்துப்போய்விட்டு, கனமான கருமணலைக் கரையிலேயே விட்டுச் செல்கின்றன. மழைக்காலம் முடிந்து பார்த்தால் கரை கறுப்புப் பட்டையாகக் கிடக்கும். அதில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட், கார்னெட், சில்லிமனைட் எல்லாம் கலந்திருக்கும். இவற்றில் காந்தம் சிலவற்றை இழுக்கும், மின்புலம் சிலவற்றைத் தள்ளும். அந்த வேறுபாட்டைக்கொண்டுதான் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்கிறார்கள்.

ஷோம்பெர்க்குக்கு வேண்டியது மோனசைட். மணலில் மிக அதிகமாக இருந்ததோ இல்மனைட். முதல் உலகப்போர் மூண்டதும் ஜெர்மானியர்களின் பிடி போய், தொழில் லண்டன் நிறுவனங்களின் கைக்கு வந்தது. போர் முடிந்தபின் மின்விளக்கு பரவ, எரிவாயு விளக்கின் வலைக்கூட்டுக்குக் கிராக்கி சரிந்தது. அதே வேளையில் டைட்டானியம் வெள்ளைக்குத் தேவை ஏறியது. ஒதுக்கி வைத்த குவியல் சரக்காகிவிட்டது. 1920-களின் தொடக்கத்தில் திருவிதாங்கூரின் இல்மனைட் கப்பலேறத் தொடங்கியது. மணவாளக்குறிச்சி இல்மனைட்டில் 55 விழுக்காடும், கொல்லத்தை அடுத்த சவரா இல்மனைட்டில் ஏறத்தாழ 60 விழுக்காடும் டைட்டானியம் டையாக்சைடு. தரத்தில் அவற்றுக்கு ஈடானவை உலகில் குறைவு. ஹாப்கின் அண்ட் வில்லியம்ஸ், டிராவன்கூர் மினரல்ஸ், எஃப்.எக்ஸ். பெரைரா என்று நிறுவனங்கள் வரிசையாக வந்தன. 1930-களில் உலகின் இல்மனைட் தேவையில் பெரும்பகுதியை இந்தச் சிறு சமஸ்தானத்தின் கடற்கரையே நிறைவேற்றியது.

அந்தக் காலத்துப் பெருமையைச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். போனது மணல், வந்தது மணலுக்கான விலை. அதை வெள்ளையாக்கும் வித்தையும், வித்தையால் ஏறும் மதிப்பும், அந்த மதிப்பில் வாழும் பொறியாளர்களும் தொழிலாளர்களும் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். மூலப்பொருளை மட்டும் விற்கிறவன் நிலை எவ்வளவு ஆட்டமானது என்று இரண்டாம் உலகப்போர் காட்டியது. கப்பல்கள் கிடைக்கவில்லை. இந்திய இல்மனைட்டை நம்பியிருந்த அமெரிக்கா, நியூயார்க் மாநிலத்தின் தஹாவஸ் மலைப்பகுதியில் தன் சொந்தச் சுரங்கத்தைத் திறந்துகொண்டது. போருக்குப் பின் கனடாவின் கியூபெக்கும் ஆஸ்திரேலியக் கடற்கரையும் சந்தைக்கு வந்தன. திருவிதாங்கூரிடம் முன்பிருந்த பிடி திரும்பக் கிடைக்கவே இல்லை.

இரண்டு சமஸ்தானங்கள், இரண்டு ஆலைகள்

இந்தப் பாடத்தைச் சமஸ்தானங்கள் கற்காமல் இல்லை. தங்கள் காட்டிலும் கரையிலும் விளைவதைத் தாங்களே பொருளாக்கவேண்டும் என்ற எண்ணம் அன்று மைசூரிலும் திருவிதாங்கூரிலும் ஓங்கியிருந்தது.

மைசூரில் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1937-ல், மைசூர் அரக்கு மற்றும் பெயிண்ட் ஆலை தொடங்கியது. சமஸ்தானத்துக் காடுகளில் கிடைத்த அரக்கை நம்பி எழுந்த ஆலை அது. அரக்கும் வார்னிஷும் பெயிண்டும் செய்த அந்த ஆலை 1962 பொதுத்தேர்தலிலிருந்து வாக்காளர் விரலில் வைக்கும் அழியா மையையும் செய்கிறது. மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ் என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. மைசூருக்கு வெள்ளை நிறத்தோடு இன்னும் பழைய உறவும் உண்டு. மைசூர் பாணி ஓவியங்களில் தங்க இலை ஒட்டுவதற்கு முன், வெள்ளைப் பொடியையும் மக்கி என்ற மஞ்சள் பிசினையும் பசையோடு அரைத்து மேடு எழுப்புவார்கள். தஞ்சை ஓவியத்தில் சுக்கான் பொடி செய்யும் வேலைக்கு இது இணை. ஆனால் டைட்டானியம் வெள்ளையைப் பொறுத்தவரை, 1937-ல் இந்தியாவில் அதைச் செய்யும் ஆலை ஒன்றுகூட இல்லை. யார் பயன்படுத்த விரும்பினாலும் கடல் கடந்துதான் வரவேண்டும். அதன் மணல் போன அதே கடல்.

திருவிதாங்கூரில் ஸ்ரீசித்திரைத் திருநாள் பாலராம வர்மா அரசர். 1936 முதல் 1947 வரை சர் சி.பி. ராமசாமி ஐயர் திவான். சி.பி.யின் ஆட்சிமுறை மீது கடுமையான விமரிசனங்கள் உண்டு, அவற்றுக்கு நியாயமும் உண்டு. ஆனால் சமஸ்தானத்தில் தொழில்களை நிறுவுவதில் அவர் காட்டிய வேகத்தை யாரும் மறுப்பதில்லை. 1946-ல், பிரிட்டிஷ் டைட்டன் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு திருவிதாங்கூர் டைட்டானியம் புராடக்ட்ஸ் நிறுவப்பட்டது. இடம், திருவனந்தபுரத்தின் கடலோரத்தில் கொச்சுவேளி. 1950-களின் தொடக்கத்தில், நாளொன்றுக்கு 5 டன் என்ற சிறிய அளவில், இந்தியாவின் முதல் டைட்டானியம் வெள்ளை அங்கே வந்தது. அனடேஸ் வகை. நம் மணலை நம் மண்ணிலேயே வெள்ளையாக்கிய முதல் இடம் அதுதான்.

மோனசைட்டின் கதை வேறு வழியில் போனது. அணுகுண்டுக்குப் பின் தோரியத்தின் மதிப்பு ஒரே நாளில் மாறிவிட்டது. திருவிதாங்கூர் தனி நாடாக நிற்கும் என்று 1947 ஜூனில் சி.பி. அறிவித்தபோது, அந்த நம்பிக்கைக்குப் பின்னால் இந்த மணலும் இருந்தது. ஜூலையில் அவர் மீது தாக்குதல் நடந்தது. சில நாட்களில் சமஸ்தானம் இந்தியாவோடு இணையச் சம்மதித்தது. 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் (இன்றைய ஐஆர்இஎல்) உருவானது. 1960-களில் மணவாளக்குறிச்சியும் சவராவும் அதன் கைக்கு வந்தன.

அமிலமும் குளோரினும்

கறுப்பை வெள்ளையாக்க இரண்டு வழிகள் உண்டு. கொச்சுவேளி எடுத்தது சல்பேட் வழி. இல்மனைட்டை நன்றாக அரைத்து அடர்ந்த கந்தக அமிலத்தில் போடுவார்கள். கலவை கொதித்தெழுந்து கட்டியாக இறுகும். அதைக் கரைத்து, பழைய இரும்புத் துண்டுகளைப் போட்டு, குளிர வைத்தால் இரும்பு பச்சைப் படிகமாகப் பிரியும். நம் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கொடுப்பார்களே, அதே பொருள். மிஞ்சிய கரைசலைக் கொதிக்கவைத்தால் டைட்டானியம் வெண்படிவாக இறங்கும். அதைப் பலமுறை கழுவி, சுழலும் உலையில் 900 பாகைக்கு மேல் சுட்டு, மீண்டும் அரைத்தால் வெள்ளை தயார்.

இந்த வழியின் சுமை அதன் கழிவு. ஒரு டன் வெள்ளைக்கு மூன்று நான்கு டன் அன்னபேதி மிஞ்சும். அதைவிட அதிகமாக நீர்த்த அமிலம் மிஞ்சும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல பத்தாண்டுகள் அந்த அமிலத்தைக் கடலிலும் ஆற்றிலும் விட்டார்கள். கொச்சுவேளியிலும் கடல்தான் அதை ஏற்றது. அந்தக் கரையில் வலை வீசுகிறவர்கள் எழுப்பிய குரலும், மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும், நீதிமன்றங்களும் சேர்ந்துதான் சுத்திகரிப்பைக் கட்டாயமாக்கின.

இரண்டாவது, 1950-களில் அமெரிக்காவின் டுபான்ட் தொழில்முறையில் கொண்டுவந்த குளோரைடு வழி. ரூட்டைலையோ, இரும்பு நீக்கிய இல்மனைட்டையோ கரியோடு சேர்த்து 1,000 பாகை வெப்பத்தில் குளோரினைச் செலுத்தினால் டைட்டானியம் டெட்ராகுளோரைடு ஆவியாக எழும். அதைக் குளிர்வித்துத் திரவமாக்கி, வடித்துத் தூய்மையாக்கி, ஆக்சிஜனில் எரித்தால் துகள் கிடைக்கும். குளோரின் திரும்பக் கிடைத்துவிடும். கழிவு குறைவு, வெண்மை அதிகம். ஆனால் குளோரின் கசிந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் கட்டுப்பாடு மிகத் துல்லியமாக இருக்க வேண்டும். கேரள அரசின் கேஎம்எம்எல் நிறுவனம், பெரைரா காலத்து மணல் ஆலையின் வாரிசு, 1980-களின் நடுவில் சவராவில் இந்த வழியில் ஆலை அமைத்தது. மணலை அள்ளுவதிலிருந்து ரூட்டைல் வெள்ளை மூட்டையாவது வரை அங்கே ஒரே நிறுவனத்தில் நடக்கிறது. அதே டெட்ராகுளோரைடிலிருந்து விண்வெளித் தேவைக்கான டைட்டானியம் உலோகக் கடற்பஞ்சும் 2011 முதல் அங்கே கிடைக்கிறது. தமிழ்நாட்டில் தூத்துக்குடியில் டைட்டானியம் வெள்ளை செய்தார்கள். காயல்பட்டினத்தை அடுத்த சாகுபுரத்தில் இல்மனைட்டிலிருந்து இரும்பை நீக்கிச் செயற்கை ரூட்டைல் செய்கிறார்கள்.

உடல்நலம் பற்றியும் தெளிவாகச் சொல்லவேண்டும். பெயிண்டில் பிசினுக்குள் சிக்கிய துகளால் வீட்டில் வசிப்பவருக்குத் தீங்கில்லை. பொடியாகப் பறக்கும்போது சுவாசிப்பதுதான் ஆபத்து. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, சுவாசிக்கும் தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ள பொருட்களின் வரிசையில் வைத்திருக்கிறது. மூட்டை பிரிக்கிறவரும், பழைய சுவரை உப்புத்தாளால் தேய்க்கிறவரும் முகக்கவசம் இல்லாமல் வேலை செய்யக்கூடாது. உணவில் இதை வெண்மைக்காகச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் தடை செய்தது. இந்தியாவில் சில உணவுகளில் வரம்புக்குள் அனுமதி இருக்கிறது. வெண்மை தவிர வேறெந்தப் பயனும் தராத ஒன்றை உணவில் சேர்க்கவேண்டிய அவசியமே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கரைக்கு என்ன மிச்சம்

1956 நவம்பர் 1-ல் கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. கல்குளம் வட்டத்து மணவாளக்குறிச்சியின் மணல் ஒரு மாநிலத்துக்கும் கொச்சுவேளியின் ஆலை இன்னொரு மாநிலத்துக்கும் போயின. அதன் பிறகு குமரிக் கரையில் மணல் பிரிக்கும் வேலை தொடர்ந்தது. அந்தக் கரையில் வெள்ளை செய்யும் ஆலை வரவில்லை. இல்மனைட்டை அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து 2000-களில் விடுவித்தபின் தென்கடலோரத்தில் தனியார் அகழ்வு பெருகியது. புகார்கள் குவிந்து, 2013-ல் தமிழ்நாடு அரசு கடற்கரைத் தாதுமணல் அகழ்வைத் தடை செய்தது. 2019-ல் மத்திய அரசும் தனியாருக்குக் கதவை மூடியது. கொல்லத்தின் ஆலப்பாட்டில் கடலுக்கும் காயலுக்கும் நடுவே மெலிந்துபோன தங்கள் நிலத்தைக் காக்க மக்கள் போராடினார்கள். இப்போது கன்னியாகுமரி மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் ஐஆர்இஎல் மணல் எடுக்கும் திட்டத்தைக் கடலோர ஊர்கள் எதிர்க்கின்றன. கருமணல் அலையைத் தாங்கும் கரையும்கூட. அதை எடுத்தால் கடல் வீட்டுக்குள் வரும் என்ற அச்சம், 2004 டிசம்பரில் சுனாமிக்கு உற்றாரைப் பறிகொடுத்தவர்களின் அச்சம். அதைக் கல்லாமை என்று தள்ளிவிடுகிறவர்கள் அந்தக் கரையை அறியாதவர்கள்.

மறுபக்கக் கணக்கும் வருத்தம் தருவது. இந்தியாவின் இல்மனைட் வளம் ஏறத்தாழ 60 கோடி டன். உலகின் பெரிய இருப்புகளில் ஒன்று. ஆனால் நம் நாட்டுக்கு வேண்டிய டைட்டானியம் வெள்ளையில் பெரும்பகுதி இன்னமும் இறக்குமதிதான். அதில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. குண்டலுபேட்டைச் சாலையில் கோடு இழுக்க உருக்கும் வெள்ளை, மணவாளக்குறிச்சியிலிருந்து மலையேறி வந்ததைவிடச் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னரில் வந்து இறங்கியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கயிற்றில் ஒட்டிய மணலை ஷோம்பெர்க் கண்டு நூறாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இந்த நூறாண்டும் சொல்லும் பாடம் ஒன்றுதான்: செல்வம் மணலில் இல்லை, மணலை வெள்ளையாக்கும் உழைப்பிலும் அறிவிலும் இருக்கிறது. 1946-ல் ஒரு சமஸ்தானம் புரிந்துகொண்ட அந்தப் பாடத்தை ஒரு குடியரசு முழுமையாகச் செயல்படுத்தவில்லை. இனிமேல் அள்ளும் ஒவ்வொரு டன்னுக்கும் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லிவிட்டுத்தான் அள்ளவேண்டும். இந்த மணல் இங்கேயே பொருளாகுமா? அதன் அமிலமும் சேறும் எங்கே போகும்? மணல் போன கரையில் வாழ்கிறவர்களுக்கு, வருவாயில் உரிமையான பங்கும், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் உண்டா? மூன்றில் ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும் மணல் கரையிலேயே கிடக்கட்டும். அது கெட்டுப்போகிற பண்டம் இல்லை.

(தொடரும்)

அடுத்த இதழில்: இல்மனைட்டிலிருந்து நீக்கிய இரும்பே செம்பொடியாக விற்பனைக்கு வருகிறது. கோயில் மதிலின் காவிப் பட்டையிலிருந்து சிமெண்டுத் தரையின் சிவப்பு வரை, இரும்பு தந்த நிறங்களின் கதை.